பூஞ்சையைப் படிக்க ஒரு வாழ்நாள்

(காயல்பட்டினத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதிகம் மேடையேறாத ஒன்று. மனிதருக்கு நோய் தரும் பூஞ்சைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு நுண்ணுயிரியலாளர், பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ முப்பது நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து என்ன செய்கிறார்? அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதால் ஊருக்கு என்ன ஆதாயம்? வணிகம் அறிந்த ஊரில் இதை ஆதாயக் கணக்காகவே கேட்கலாம், தவறில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஞ்சை நோயைப் பொறுத்தவரை, ஒரே துறையில் ஊன்றி நிற்கும் நீண்ட பணிவாழ்க்கை என்பது அந்த ஆய்வாளருடைய தனிப்பட்ட விருப்பத்தோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. அது பொதுச் சொத்து. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் நோய் இருந்தும் கணக்கில் ஏறாது; பொருந்தாத மருந்து பொருந்தும் மருந்தாக விற்கும்; புதிய கிருமி பழைய பெயரில் உலவும். இதைச் சான்றுகளோடு காட்டி, எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

பூஞ்சை நமக்குப் புதிதில்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த ஒரே நாளில் இந்த ஊரில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி வெள்ளம் புகுந்த வீட்டில் சுவரிலும் மெத்தையிலும் புத்தகத்திலும் பூசணம் படர்வது இயல்பு. அதைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலும் அது சரியும்தான். உலகில் பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் மனிதருக்கு நோய் தருபவை சில நூறு மட்டுமே. நம் உடலின் சூட்டையே பல பூஞ்சைகளால் தாங்க முடியாது. ஆனால் இந்த நல்ல செய்தியே ஒரு கெடுதலையும் செய்கிறது. பூஞ்சை நோய்களில் பெரும்பாலானவை காலராவைப் போல ஆளுக்கு ஆள் தாவுவதில்லை. காய்ச்சலைப் போல ஒரே வாரத்தில் ஊரைக் கிடத்துவதும் இல்லை. உழவன் கண்ணில், சர்க்கரை நோயாளியின் மூக்கில், தீவிர சிகிச்சையில் கிடப்பவரின் இரத்தத்தில் என்று ஒவ்வொருவராகத் தனித்தனியே வந்து, வேறொரு நோயின் பெயரிலேயே பதிவாகிப் போகின்றன. தேடுபவர் இருந்தால்தான் இவை இருப்பதே தெரியும். என் வாதம் முழுவதும் இந்த ஓர் இயல்பின் மேல்தான் நிற்கிறது.

முதல் சான்றுக்கு மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கைக்குப் போவோம். கொழும்போடு உங்களுக்குள்ள உறவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சரத் அர்சகுலரத்ன. அவருடைய ஆய்வுக்குப் பின்னணி இது: 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்து நஞ்சை விட்டிருந்தது. அதற்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் இட்டுச் செல்வது. மேலை நாட்டு ஆய்வாளர்கள் நிலக்கடலையையும் சோளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேராதனையில் எழுந்த கேள்வி வேறு: எங்கள் ஊரில் எல்லாச் சட்டியிலும் விழுவது தேங்காய் ஆயிற்றே, அதன் கதி என்ன? அர்சகுலரத்னவும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் வெளியிட்ட கட்டுரை, தேங்காய் இந்தப் பூஞ்சை நஞ்சை உற்பத்தி செய்ய எவ்வளவு வாகான ஊடகம் என்பதைக் காட்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தேங்காய்ப் பொருள்களில் இந்த நஞ்சு கலப்பதைப் பற்றியும் எழுதினார்கள். சரியாகக் காயாத கொப்பரை பூசணம் பிடித்தால் செக்குக்குப் போகலாமா என்ற கேள்வியை லண்டனில் இருப்பவர் கேட்க மாட்டார். தேங்காய் உண்ணும் நாட்டில் பூஞ்சை தெரிந்த ஒருவர் இருந்தால்தான் அது கேட்கப்படும்.

அதே மனிதரின் பிற்கால உழைப்பு இன்னும் நீளமான கதை. மூக்குக்குள் செந்நிறச் சதை வளர்ந்து, அதன் மேல் வெண்புள்ளிகள் தெரிந்து, தொட்டால் இரத்தம் கசியும் ஒரு நோய் உண்டு, ரைனோஸ்போரிடியோசிஸ் என்பார்கள். உலகில் இது மிகுதியாகக் காணப்படும் பகுதி தென்னிந்தியாவும் இலங்கையும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் ஊருணியிலும் கண்மாயிலும் குளித்து எழுபவர்களிடம் மருத்துவர்கள் இதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். 1900இல் புவெனோஸ் ஐரெஸில் கில்லர்மோ சீபர் இதை விவரித்தபோது ஓரணு விலங்குயிர் என்று கருதினார். 1923இல் ஆஷ்வொர்த் அதன் வாழ்க்கைச் சுற்றை விரிவாக ஆராய்ந்து, பூஞ்சை என்று முடிவு சொன்னார். அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பூஞ்சையியல் பாடநூல்களில் இது பூஞ்சையாகவே நின்றது. ஆனால் ஆய்வகத்தில் எந்த ஊடகத்திலும் வளரவில்லை. ஆய்வு விலங்குகளுக்கும் தொற்றவில்லை. வழக்கமான பூஞ்சைக்கொல்லி மருந்துகளுக்கும் மசியவில்லை. சதையை அறுத்து அடியைச் சுட்டுவிடுவதுதான் இன்றும் முதன்மைச் சிகிச்சை. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்களுடன் அர்சகுலரத்னவும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இதன் மரபணுப் பகுதி ஒன்றை வரிசைப்படுத்தி, இது பூஞ்சையே அல்ல என்று காட்டியது. இதன் நெருங்கிய உறவினங்கள் மீன்களைத் தாக்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிகள். மறு ஆண்டு வேறோர் அமெரிக்கக் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த மரபணுக் கருவிகள் அமெரிக்காவில் இருந்தன; நோய் இங்கே இருந்தது. நோயாளியைத் தெரிந்தவர், திசுவை முறையாக எடுத்துக் காத்தவர், எது உண்மையான நோய் மாதிரி, எது கலப்படம் என்று பிரித்தறியும் கண் உடையவர் இந்தப் பக்கம் இல்லாமல் அந்தக் கருவிக்கு வேலையே இல்லை. மற்றொன்று, பூஞ்சை என்று கொண்டு ஆராய்ந்ததை, பூஞ்சை இல்லை என்று காட்டும் கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்ளத் துறைமேல் உண்மையான பற்று வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு நிதியுதவிக்கு ஓடும் ஆய்வாளர் விடை கிடைக்கக்கூடிய கேள்வியை மட்டுமே எடுப்பார். வளர்க்கவே முடியாத ஒரு கிருமியோடு மல்லுக்கு நிற்பது நிரந்தர இடம் கிடைத்தவரால்தான் முடியும்.

இப்போது நம் பக்கம் வருவோம். நெல் அறுக்கும்போது சுணை தெறிக்கிறது. களத்தில் தூற்றும்போது உமி கண்ணில் விழுகிறது. கசக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். சில நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளைத் திட்டு தெரிகிறது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். மதுரை மாவட்டத்தில் செய்த ஆய்வு, கருவிழிப் புண் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்கக் கணக்கைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை மு.சீனிவாசனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். கிருமி வளர்ந்த 297 பேரில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140, பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 139. பாதிக்குப் பாதி! குளிர்நாட்டுப் பாடநூலைப் படித்த மருத்துவர் இங்கே பாக்டீரியா மருந்தைத் தொடங்கினால், இரண்டு கண்ணில் ஒன்றைக் கைவிட்டதாகத்தான் பொருள்.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில், திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஜெயஹர் பாரதியும் உடன் ஆய்வாளர்களும் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை மூன்றாண்டு செய்த வேலையைப் பாருங்கள். 3183 கருவிழிப் புண்களில் 1095, அதாவது 34.4 சதவீதம், பூஞ்சையால் வந்தவை. எண்ணிக்கையை விட முக்கியமான முடிவு வேறு. புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணின் திசு கரைந்து பூஞ்சையின் இழைகள் மட்டும் தெளிவாகத் தெரியும். பூஞ்சைப் புண்களில் 99 சதவீதத்துக்கு மேல் இந்த எளிய சோதனையிலேயே பிடிபட்டன. சில நிமிட வேலை, மிகச் சொற்பச் செலவு. ஆயிரக்கணக்கான கண்களில் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இந்தச் சோதனையை நம்பலாம் என்று சொல்ல முடிந்தது. இன்று கிராமத்துக்குப் போகும் மருத்துவர் அந்த நம்பிக்கையை இலவசமாகப் பெறுகிறார். கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை உடனே குறைத்து, உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடும் ஆபத்து இருக்கும் நாட்டில் இது சிறிய கொடை இல்லை.

சிகிச்சையிலும் இதே கதைதான். நேட்டமைசின் 1950களில் கண்டுபிடித்த பழைய மருந்து. வோரிகோனசோல் புதியது, விலை கூடியது, கண்ணுக்குள் நன்றாக ஊடுருவக்கூடியது. புதியதே மேல் என்று நினைப்பது இயல்பு. வெங்கடேஷ் பிரஜ்னாவும் உடன் ஆய்வாளர்களும் அரவிந்த் மருத்துவமனைகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நேட்டமைசினே வென்றது. பார்வையும் மேலாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைந்தது. அதிலும் ஒரு நுட்பம்: வேறுபாடு முழுவதும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை இருந்த கண்களில்தான், மற்றப் பூஞ்சைகளில் இரண்டு மருந்துக்கும் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை. பூஞ்சை என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது. எந்தப் பூஞ்சை என்று பிரித்துச் சொல்ல ஆள் இருந்ததால் வந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் நேட்டமைசின் கண் சொட்டு மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் தென்மாவட்டத்து உழவர்களின் கண்களிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

அப்படிப் பிரித்துச் சொல்லும் அறிவு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் மருத்துவமனைக்கு வெளியே போக நேரிடும். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ்.சதாசிவனும் அவருடைய மாணவர் சி.வி.சுப்பிரமணியனும் பருத்திச் செடியை வாட வைக்கும் ஃபியூசேரியத்தை மண்ணில் ஆராய்ந்தார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் பருத்தி போட்டவருக்கு வாடல் நோய் என்றால் என்ன என்று தெரியும். சுப்பிரமணியன் பின்னர் இழைப்பூஞ்சைகளின் வகைப்பாட்டில் உலக அளவில் பெயர் பெற்றார். 1965இல் பட்நாகர் பரிசு, 1971இல் ஹைஃபோமைசீட்ஸ் என்ற பெருநூல். ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ், கர்வுலேரியா என்று கண் மருத்துவமனை அறிக்கைகளில் வரும் பெயர்கள் எல்லாம் அந்த இழைப்பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். செடியைக் கொல்லும் இனமும் கண்ணைக் கெடுக்கும் இனமும் எப்போதும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. குடும்பம் ஒன்று, அடையாளம் காணும் இலக்கணம் ஒன்று. செடிக்காகச் சேர்த்த அறிவு மனிதக் கண்ணுக்கு உதவும் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. நீண்ட பணிவாழ்க்கையின் பலன் இப்படித்தான் எதிர்பாராத வாசலில் வந்து நிற்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: பூஞ்சை நோய் அரிதானது; அரிதான ஒன்றுக்கு ஆயுள் முழுவதையும் செலவிடுவது ஊதாரித்தனம். அரிதா என்று பார்ப்போம். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை நோயைத் தமிழ்நாடு அரசு கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. அந்த ஆண்டு ஜூன் 28 வரையில் நாடெங்கும் 40,845 பேருக்கு அது வந்து 3,129 பேர் இறந்ததாக ஒன்றிய அரசு சொன்னது. கொரோனா, கட்டுப்படாத சர்க்கரை, அளவு மீறிய ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த விளைவு. ஆம்ஃபோடெரிசின் மருந்துக்கு மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். எல்லோருக்கும் அது திடீர் இடி. ஆனால் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அருணாலோக் சக்கரவர்த்தியும் உடன் பணியாற்றியவர்களும், பத்தாண்டுகளில் 129 பேர் என்றிருந்த அதே வகை நோய் அடுத்த ஐந்தே ஆண்டுகளில் 178 பேருக்கு வந்திருப்பதையும், கட்டுப்படாத சர்க்கரை நோயாளிகளிடம் அது ஏறிவருவதையும் 2006லேயே அச்சிட்டு வைத்திருந்தார்கள். எச்சரிக்கை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. காதில் வாங்கத்தான் ஆள் போதவில்லை. இன்னொன்று, அரிது என்று சொல்பவர் படர்தாமரையை மறந்துவிடுகிறார். கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவி, குடும்பம் குடும்பமாகத் தீராமல் அவதிப்படுவதை இன்று எந்தத் தோல் மருத்துவரிடமும் கேட்கலாம். அதற்குக் காரணமான இனத்துக்கு 2020இல் டிரைகோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயரே இந்தியாவை வைத்து இட்டார்கள். டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்காத வகைகள் இங்கிருந்து கடல் கடந்தும் போய்விட்டன.

இரண்டாவது மறுப்பு இளைஞர்களிடமிருந்து வருவது: இயந்திரம் வந்துவிட்டது, மரபணு வரிசை மலிந்துவிட்டது, நுண்ணோக்கியில் கண்ணை நட்டுக்கொண்டிருக்க மனிதர் எதற்கு? இதற்குக் கேண்டிடா ஆரிஸ் பதில் சொல்லும். 2009இல் ஜப்பானில் ஒருவருடைய காதிலிருந்து எடுத்து விவரித்த ஈஸ்ட் இது. பல மருந்துகளுக்கு அடங்காமல் மருத்துவமனைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் பரவுவது. ஆய்வகத் தானியங்கிகள் இதை வேறு ஈஸ்ட்களின் பெயரில் அறிக்கை தந்துகொண்டிருந்தன, ஏனென்றால் அவற்றின் நினைவகத்தில் இந்தப் பெயரே இல்லை. சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தவர்கள் மனிதர்கள். டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சவுத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் டெல்லி மருத்துவமனைகளில் இது பரவியிருப்பதைக் காட்டினார்கள். 2011, 2012 ஆண்டுகளில் நாட்டின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து திரட்டிய கிருமிகளைச் சண்டிகர் குழு அடையாளம் கண்டபோது 19 பிரிவுகளில் இது இருந்தது. அந்தக் கிருமிகளைச் சேகரித்துக் குளிரில் காத்து வைத்தவர் இல்லாதிருந்தால் இந்த வரலாறே எழுதப்பட்டிருக்காது. இயந்திரம் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

மூன்றாவது மறுப்பு கனமானது: காசநோயும் டெங்குவும் இருக்கும் நாட்டில் பூஞ்சைக்கு எதற்குத் தனி இடம்? சந்தேகம் வந்தால் மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிடலாமே? மதுரையின் பெயரை உலக மருத்துவ நூல்களில் ஏற்றிய நோயை எடுத்துக்கொள்வோம். வெறுங்காலோடு நடப்பவரின் பாதம் வீங்கி, துளை துளையாகத் திறந்து, மணி மணியாகச் சீழ் வடியும் இந்நோயை 1842இல் மதுரை மருந்தகத்தில் கில் என்பவர் விவரித்தார். 1860இல் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் மைசெட்டோமா என்று பெயரிட்டு, அதன் காரணம் பூஞ்சை என்று நிறுவ உழைத்தார். பின்னால் தெரியவந்தது, இதே தோற்றத்தில் வரும் நோய் இரண்டு: ஒன்று பூஞ்சையால், மற்றொன்று பாக்டீரியாவால். பாக்டீரியா வகை நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பெரும்பாலும் குணமாகும். பூஞ்சை வகைக்கு மாதக்கணக்கில் வேறு மருந்து, பல சமயம் அறுவை. காலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது; அந்த மணியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கொடுத்துப் பார்ப்பது என்பது இங்கே காலை வைத்துச் சூதாடுவதாகும். ஏழை நாடு என்பதால்தான் சரியான மருந்தை முதல் தடவையே கொடுக்க வேண்டியிருக்கிறது. தவறான மருந்துக்குச் செலவிடக் காசில்லை. காசநோயோடு போட்டி என்பதும் உண்மையில் இல்லை. காசநோய் ஆறிய நுரையீரல் குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறுவது மருத்துவர்கள் அறிந்ததே. இரண்டையும் பிரித்தறியாவிட்டால் குணமானவருக்கே மறுபடி காசநோய் மாத்திரை போகும்.

நான்காவது மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். பணிவாழ்க்கை நீண்டால் மட்டும் போதுமா? கட்டுரை எண்ணிக்கைக்காக எழுதி, பதவி உயர்ந்து, ஓய்வு பெற்றுப் போகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டிய இடம் மதிப்பீட்டு முறை. எத்தனை கட்டுரை என்று எண்ணுவதோடு, எத்தனை கிருமிகளைக் காத்து வைத்தார், எத்தனை ஆய்வகப் பணியாளருக்குக் கண்ணைப் பழக்கினார், பக்கத்து மருத்துவமனைகள் அவரிடம் மாதிரி அனுப்புகின்றனவா என்றும் கேட்க வேண்டும். ஆனால் நம் கல்வி அமைப்பு நீண்ட வாழ்க்கையை வளர்த்துக் கெடுக்கவில்லை, முளையிலேயே கிள்ளுகிறது. எம்.டி. நுண்ணுயிரியல் படித்த மருத்துவர் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி, பூஞ்சை நான்கையும் சுமக்க வேண்டியிருக்கிறது. எம்.எஸ்சி., முனைவர் பட்டம் பெற்றுப் பூஞ்சையிலேயே ஊன்றியவருக்கு 2020இன் விதிகளில் மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் ஆசிரியர் இடம் அடைபட்டது. 2025இன் விதிகள்தான் அந்தக் கதவை மறுபடி திறந்தன. முதல் பத்தாண்டைத் தற்காலிகத் திட்டப் பணிகளில் கழிக்கும் ஒருவரிடம் வளராத கிருமியோடு பொறுமையாக இரு என்று சொல்வது நியாயமா?

இந்தக் கடற்கரையின் பழைய நிர்வாகத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, ஆண்டுதோறும் நடந்ததில்லை; இடையில் பல ஆண்டுகள் சிப்பி இல்லாமல் போகும். ஆனாலும் தூத்துக்குடியில் முத்து, சங்கு குளிப்புக்கென்று ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ஜேம்ஸ் ஹார்னெல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். மூழ்காளிகளை இறக்கி ஒவ்வொரு முத்துப்பாரிலும் சிப்பி இருக்கிறதா, எந்த வயது என்று பார்த்துப் பதிவு செய்வார்கள். வருமானம் இல்லாத ஆண்டிலும் பார்க்கும் வேலைக்கு அரசு சம்பளம் கொடுத்தது. அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் எப்போது குளிக்கலாம், எப்போது விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடிந்தது. பூஞ்சை ஆய்வாளரின் பதவியும் அதே கணக்கில் வரவேண்டும்: நோய் தெரியாத ஆண்டிலும் பார்த்துக்கொண்டிருப்பதற்கான சம்பளம்.

இந்தப் பேச்சைக் கடற்கரை ஊரில் வைத்துப் பேச இன்னொரு காரணமும் உண்டு. கேண்டிடா ஆரிஸ் மருத்துவமனைக்கு வருமுன் எங்கே இருந்தது என்று உலகம் தேடியது. 2021இல் அனுராதா சவுத்ரியின் குழு அந்தமான் தீவுகளில் ஓர் உவர் சதுப்பிலிருந்தும் ஒரு மணற்கடற்கரையிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தது. அதில் ஒன்று மருந்துக்கு அடங்குவதாகவும், சூட்டில் மெதுவாக வளர்வதாகவும் இருந்தது. பூமி சூடாக ஆக, சில பூஞ்சைகள் அந்தச் சூட்டுக்குப் பழகி, நம் உடற்சூட்டையும் தாங்கக் கற்றுக்கொள்கின்றன என்று ஆர்ட்டுரோ கசடவாலும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த கருத்துக்கு இது வலு சேர்க்கிறது. இன்னும் அது கருதுகோள்தான், முடிந்த முடிவு இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கழிமுகமும் ஆறுமுகநேரி உப்பளங்களும் பக்கத்தில் இருக்கும் உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இங்கே அது இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் ஒருவர் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட, முன்னுரிமை தர வேண்டிய 19 நோய்ப் பூஞ்சைகளின் பட்டியலில் மிக உயர்ந்த பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று.

ஆகவே நான் கேட்பது பெரிய மாளிகை எதுவும் இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் பூஞ்சைக்கென்று ஒரு நிரந்தர இடம். அதில் இருப்பவரை ஆண்டுக்கொரு பிரிவாக மாற்றாத ஒழுங்கு. வட்ட மருத்துவமனைகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை செய்யத் தெரிந்த ஓர் ஆய்வகப் பணியாளர். வளர்த்த கிருமிகளைக் காத்து வைக்க ஒரு குளிர்பெட்டி. கல்விக்கும் மருத்துவத்துக்கும் வாரி வழங்கும் பழக்கம் உள்ள இந்த ஊரின் செல்வந்தர்கள், கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஓர் ஆய்வு மாணவியின் ஐந்தாண்டு உதவித்தொகைக்குக் கொடுக்கலாம். பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ பூஞ்சையைப் படிக்கப் போகிறேன் என்றால், வேறு வேலை கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று தடுக்காதீர்கள். பூஞ்சையின் இழையையும் நூல் துணுக்கையும் பிரித்தறியும் கண் ஒருவருக்கு அமைய ஏறக்குறைய பத்தாண்டு ஆகிறது. 2021இல் வந்ததைப் போல அடுத்த அலை எழுந்தபின் ஆளைத் தேடினால், அந்தப் பத்தாண்டை எந்த அரசாணையாலும் வாங்க முடியாது. ஆள் வைக்கும் முடிவை எடுக்க வேண்டிய காலம், நோய் கண்ணுக்குத் தெரியாத இந்தக் காலம்தான்.